மதகு சுருங்கினால்: ஈரிதழ் வால்வும் நம் வகுப்பறையும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் நடத்தும்போது இதயத்தின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். நான்கு அறைகள், அவற்றுக்கான வால்வுகள், பாதி நீலம், பாதி சிவப்பு. வால்வைப் பற்றிக் கேட்டால், ‘இரத்தம் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கிறது’ என்று எல்லா மாணவர்களும் ஒரே குரலில் சொல்வார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் வால்வுக்கு வேலை இரண்டு. மூடவேண்டிய நேரத்தில் கசியாமல் மூட வேண்டும். திறக்கவேண்டிய நேரத்தில் முழுதாகத் திறக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது வேலை கெடும்போது வருவதுதான் வால்வுச் சுருக்கம்.

வயதானவர்களுக்குப் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படிந்து சுருங்குவது உண்டு. அது வேறு கதை. இங்கே நான் எழுத எடுத்துக்கொண்டது இடப்பக்கத்து ஈரிதழ் வால்வின் சுருக்கம். மருத்துவர்கள் ‘மிட்ரல் ஸ்டெனோசிஸ்’ என்பார்கள். நம் நாட்டில் இதற்கு முதன்மையான காரணம் சிறுவயதில், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள், வந்துபோன ஒரு தொண்டை வலி. அந்த வயதில் பிள்ளைகள் பகல் முழுவதும் நம் கண்முன்தான் இருக்கிறார்கள்.

ஐந்து ரூபாய் நாணயமும் சட்டைப் பொத்தானும்

நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட இரத்தம் இடது ஆரிக்கிளுக்கு வருகிறது. அங்கிருந்து ஈரிதழ் வால்வு வழியாக இடது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது. பெரியவர்களுக்கு அந்த வால்வு முழுதாகத் திறந்தால் வாயின் பரப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. வரை இருக்கும். இந்த அளவைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனத்தில் நிற்காது. நான் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கொடுப்பேன். அதன் விட்டம் 23 மி.மீ. வட்டத்தின் பரப்பைக் கணக்கிடச் சொன்னால் ஏறத்தாழ 4.15 சதுர செ.மீ. வரும். அதுதான் நலமான வால்வின் வாய்.

அடுத்து அவரவர் சட்டைப் பொத்தானை அளக்கச் சொல்வேன். விட்டம் 11 மி.மீ. அளவில் இருக்கும், பரப்பு 1 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. வால்வின் வாய் 1.5 சதுர செ.மீ.க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். பொத்தான் அளவு என்றால் மிகக் கடுமை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இந்த வழியாகப் போயாக வேண்டும். நாணயத்தையும் பொத்தானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

கணக்கு இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. வாய் பாதியானால், அதே அளவு இரத்தம் அதே நேரத்தில் போவதற்கு வேகம் இரட்டிப்பாக வேண்டும். வேகம் இரட்டிப்பாக, அழுத்த வேறுபாடு நான்கு மடங்காக வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரவேண்டியது மெல்லிய சுவருடைய இடது ஆரிக்கிள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏரி மதகைச் சொன்னால் உடனே விளங்கும். மதகுப் பலகை துருவேறி அரைகுறையாகத் திறந்தால் கீழே வயலுக்குத் தண்ணீர் குறையும். மேலே ஏரியில் மட்டம் ஏறும். இன்னும் ஏறினால் வரத்துக் கால்வாயிலும் தண்ணீர் எதிர்த்து நிற்கும். இங்கே ஏரி என்பது இடது ஆரிக்கிள், வரத்துக் கால்வாய் என்பது நுரையீரல் சிரைகள். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளுக்குள் வருகிறது. கோளாறு இதயத்தில் இருக்க, நோயாளி மூச்சுத் திணறுவது இதனால்தான். ஆஸ்துமா என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

படி ஏறினால் மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது? இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் வெண்ட்ரிக்கிள் சுருங்க ஏறத்தாழ 0.3 விநாடி, விரிந்து நிரம்ப 0.5 விநாடி. ஓடும்போது துடிப்பு 150 ஆனால் மொத்தமே 0.4 விநாடிதான். சுருங்கும் நேரம் கொஞ்சம் குறையும். நிரம்பும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். நலமான வால்வுக்கு அந்த நேரம் போதும். பொத்தான் அளவு வாய்க்குப் போதாது. பாடநூலில் உள்ள இதயச் சுழற்சி அட்டவணையை இப்படி ஒரு கேள்வியோடு சேர்த்து நடத்தினால், அந்த விநாடிகளை மனப்பாடம் செய்யச் சொல்லவேண்டி இருக்காது.

ஒரு மதகைத் திறந்த கதை

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவுக்கு இந்த நோய் இருந்தது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். இருபத்தைந்து வயதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. முதல் பிரசவத்துக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது படுக்க முடியாமல் போயிற்று. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார். கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த வால்வு அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பெண்களில் பலருக்கு இந்நோய் முதன்முதலில் தெரியவருவது அந்த மாதங்களில்தான்.

அவருக்கு அரசு மருத்துவமனையில் பலூன் சிகிச்சை செய்தார்கள். தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்கு ஏற்றி, இரு ஆரிக்கிள்களுக்கும் இடையே உள்ள சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் சென்று, சுருங்கிய வால்வுக்குள் பலூனை வைத்து விரிப்பார்கள். ஒட்டிக்கிடக்கும் இதழ் ஓரங்கள் பிரிந்து வழிவிடும். மார்பைத் திறக்க வேண்டியதில்லை. 1982-ல் ஜப்பானிய அறுவை மருத்துவர் கன்ஜி இனோவே முதன்முதலில் செய்த முறை இது.

இதற்கு முந்தைய வரலாறு மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். 1925-ல் லண்டனில் ஹென்றி சவுட்டர் என்ற அறுவை மருத்துவர், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் ஆரிக்கிளில் சிறு துளையிட்டுத் தன் விரலை உள்ளே விட்டு வால்வைத் தொட்டுப் பார்த்து விரித்தார். சிறுமி பிழைத்தாள். ஆனாலும் அதற்குப் பிறகு வேறு நோயாளிகளை யாரும் அவரிடம் அனுப்பவில்லை. இதயத்தைத் தொடக்கூடாது என்ற எண்ணம் அவ்வளவு வலுவாக இருந்தது. 23 ஆண்டுகள் கழித்து, 1948-ல், அமெரிக்காவில் சார்லஸ் பெய்லியும் டுவைட் ஹார்க்கனும், இங்கிலாந்தில் ரசல் பிராக்கும் சில மாத இடைவெளியில் இதே வேலையை வெற்றிகரமாகச் செய்தார்கள். வால்வு மிகவும் சிதைந்துவிட்டால் மாற்று வால்வுதான் வழி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான இந்திய வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். ஆகவே ‘வால்வு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என்று மாணவர்களிடம் எளிதாகச் சொல்லிவிட வேண்டாம்.

தொண்டையில் தொடங்குவது

‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் தொற்றுகிறது. உடல் அதை எதிர்க்க எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவின் மேலுறைப் புரதம் நம் இதயத் திசுக்களில் உள்ள சில புரதங்களை ஒத்திருக்கிறது. சிலருடைய உடலில் எதிர்ப்பு ஆற்றல் ஆள் மாறாட்டம் செய்துகொண்டு தன் சொந்த இதயத்தையே தாக்கத் தொடங்குகிறது. தொண்டை வலி மறைந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்து வரும் இந்தத் தாக்குதல்தான் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைத் தொற்று வந்த எல்லாருக்கும் இது வராது. மிகச் சிலருக்கே வரும். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த தொண்டைத் தொற்றில் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வின் இதழ்கள் வீங்கி ஆறும்போது தடிக்கின்றன, ஓரங்கள் ஒட்டுகின்றன, இதழைப் பிடித்திருக்கும் நாண்கள் குறுகுகின்றன. கடைசியில் வால்வின் திறப்பு மீன் வாயைப் போல ஆகிவிடுகிறது.

முதலில் பெரும்பாலும் வால்வு கசியும். சுருக்கம் ஆண்டுகள் கழித்து வரும். மேலை நாடுகளில் இதற்கு இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் என்று நூல்கள் எழுதிய காலத்தில், இந்தியாவில் இருபது வயதுக்கு முன்பே கடுமையான சுருக்கம் வருகிறது என்று டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் 1963-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நம் பிள்ளைகளுக்குக் காலக்கெடு குறைவு.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பென்சிலின் வருவதற்கு முன்பே ருமாட்டிக் காய்ச்சல் குறையத் தொடங்கிவிட்டது. நெரிசல் குறைந்த வீடுகள் அதற்கு ஒரு பெரிய காரணம். இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் நீர்த்துளியால் பரவும் கிருமிக்கு ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடும், சன்னல் சாத்திய வகுப்பறையும் ஒன்றுதான். குளிர்காலத்திலும் சன்னலைத் திறந்து வைக்க வேறு காரணம் வேண்டுமா?

நம் கண்ணில் படுபவை

நாம் மருத்துவர்கள் இல்லை. நோய்க்குப் பெயர் சொல்வது நம் வேலையும் இல்லை. ஆனால் எதைக் கண்டால் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கலாம்.

பெரும்பாலான தொண்டை வலி வைரசால் வருவது. மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்தே இருக்கும், தானே சரியாகும். இருமல் இல்லாமல், திடீரென்று காய்ச்சலோடு விழுங்க முடியாத தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல் என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றாக இருந்தால், வலி தொடங்கி 9 நாள்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். மருந்தை இரண்டு நாளில் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும்.

அடுத்தது மூட்டு வலி. இன்று முழங்கால், இரண்டு நாள் கழித்துக் கணுக்கால், பிறகு முழங்கை என்று இடம் மாறும், வீங்கிச் சூடாக இருக்கும், காய்ச்சலும் இருக்கும். வீட்டில் ‘வளருற வயசு, அப்படித்தான் வலிக்கும்’ என்பார்கள். வளரும் வயதின் வலி இரவில் இரு கால்களிலும் வரும். வீக்கமோ காய்ச்சலோ இருக்காது. காலையில் பிள்ளை துள்ளி ஓடும். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. ருமாட்டிக் காய்ச்சலில் வரும் மூட்டு வீக்கம் பெரும்பாலும் சுவடில்லாமல் போய்விடும். ‘போய்விட்டதே’ என்று எல்லாரும் மறந்தும் விடுவார்கள். இதயத்தில் அது விட்டுச்சென்றது வெளியே தெரியாது.

மூன்றாவதை நாம்தான் முதலில் பார்ப்போம் என்று நினைக்கிறேன். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் கையெழுத்து சில வாரங்களில் கோணலாகிறது. பேனா நழுவுகிறது. கையும் தோளும் வெடுக்வெடுக்கென்று அசைகின்றன, முகம் சுளிக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. தூங்கும்போது அசைவுகள் நின்றுவிடும். ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடென்ஹாம் 1686-ல் விவரித்ததால் இதைச் சிடென்ஹாம் கொரியா என்கிறார்கள். (நாட்டின் பெயர் இல்லை, கிரேக்க மொழியில் ‘நடனம்’ என்று பொருள்.) பெண் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. தொண்டை வலி வந்து பல மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால் யாரும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. வகுப்பில் இது சேட்டையாகவும் கவனக்குறைவாகவும் தெரியும். பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் பெற்றோரை அழைத்து, அந்த இரண்டு நோட்டுகளையும் மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இவற்றோடு, சக மாணவர்களுக்குச் சமமாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை இடையில் உட்காரத் தொடங்குவதையும் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் அவர்களிடம், ‘இந்த நான்கு பேரின் இதயத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்’ என்று பெயர் எழுதிக் கொடுப்பது நம்மால் முடிந்தது.

21 நாள் கணக்கு

அப்படி ஒரு பரிசோதனையில்தான் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இதயத்தில் கூடுதல் ஒலி கேட்கிறது என்றார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எக்கோ எடுத்துப் பார்த்ததில் ஈரிதழ் வால்வில் லேசான கசிவு. சுருக்கம் இன்னும் இல்லை. முந்தைய ஆண்டு முட்டி வீங்கிப் பத்து நாள் பள்ளிக்கு வராமல் இருந்தவள் அவள்.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான்: 21 அல்லது 28 நாளுக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி. புதிய தொண்டைத் தொற்று வராமல் அது காக்கிறது. அடுத்த தாக்குதல் இல்லையென்றால் லேசான கசிவு பலருக்குக் காலப்போக்கில் குறைந்தும் விடுகிறது. இதயம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பத்து ஆண்டு அல்லது 21 வயது, இரண்டில் எது அதிகமோ அதுவரை. பாதிப்பு கடுமை என்றால் 40 வயது வரையிலோ வாழ்நாள் முழுவதுமோ. அவளுக்கு 21 நாள் கணக்கில் பத்து ஆண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். 3650-ஐ 21-ஆல் வகுத்தால் 173-க்கு மேல் வருகிறது. இடுப்புச் சதையில் ஆழமாகப் போடும், நன்றாக வலிக்கும் ஊசி. அதை 173 முறை!

எட்டாம் வகுப்புக்கு வந்ததும் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். “புள்ள நல்லாத்தான் ஓடியாடுது டீச்சர். ஊசி போட்டா ரெண்டு நாளு காலை இழுத்துக்கிட்டு நடக்குது. எனக்கும் ஒரு நாள் கூலி போவுது. நிறுத்திடலாம்னு பாக்குறோம்” என்றார். வால்வு, எதிர்ப்பொருள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். பருப்பு வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சத்துணவு அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“எனக்கும் சின்ன வயசுல முட்டி வீங்குச்சு, தங்கச்சி. எண்ணெய் தேச்சாங்க, போயிடுச்சு. நானும் நல்லாத்தான் ஓடியாடினேன். வயித்துல புள்ளையோட ராத்திரி பூரா உக்காந்தே கெடந்தப்பத்தான் டாக்டர் கேட்டாரு, சின்னப்புள்ளையில முட்டி வீங்குச்சான்னு. இப்படி ஒரு ஊசி இருக்குன்னே எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?”

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த ஊசி வர்ற புதன்கிழமை” என்றார்.

கூலி போகும் கவலை உண்மையானது. அறிவுரை அதைத் தீர்க்காது. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தோம். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம். ஆகவே ஊசி எப்போதும் ஒரே கிழமையில்தான் வரும். புதன் என்றால் என்றும் புதன். பள்ளியும் போகும், கூலியும் போகும். அதைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டோம். நாள் தள்ளிப் போகக்கூடாது, மூன்றாம் வாரம் கழிந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும். முன்கூட்டிப் போடலாம் என்றார் அவர். ஒரேயொரு முறை நான்கு நாள் முன்னதாக, சனிக்கிழமை காலையில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு சனி. பாட்டி கூடப் போகிறார். திங்களன்று வலி இல்லாமல் வகுப்புக்கு வருகிறாள். ஆண்டுத் தேர்வு, கோடை விடுமுறை, பொங்கல் என்று எது குறுக்கே வந்தாலும் தேதிகள் ஆண்டு முழுவதற்கும் முன்பே எழுதிவைத்தாயிற்று. என் மேசை இழுப்பறையில் ஒரு பிரதி இருக்கிறது. போட்டுக்கொண்டு வந்ததும் அவளே அதில் டிக் அடிப்பாள்.

வகுப்பில் யாருக்கும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. மருத்துவர் தடுக்காததால் கோ-கோ அணியிலும் இருக்கிறாள். இதய நோய் என்று கேட்டவுடன் பிள்ளையை மைதானத்து ஓரத்தில் உட்கார வைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எவ்வளவு விளையாடலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. பல் சொத்தை இருந்தால் உடனே பார்க்க வேண்டும் என்பதையும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பல்லில் இருந்து இரத்தத்தில் கலக்கும் கிருமிகள் பழுதான வால்வில் தங்கிவிடக்கூடும்.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்பு வரைதான். அதன் பிறகு அவள் நகரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது, ஊசித் தேதிகள், எக்கோ அறிக்கையின் நகல், மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுப் பெற்றோர் கையில் கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால் புதிய பள்ளியின் வகுப்பாசிரியரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஊசிகள் விட்டுப்போவது பெரும்பாலும் இப்படி இடம் மாறும் ஆண்டுகளில்தான்.